ஹால்மார்க் நல்லதுதானே, நகைக்கடைக்காரங்க ஏன் எதிர்த்தாங்க?

நிறைய பேர் நினைக்கிற மாதிரி எல்லாரும் 916ன்னு போடற 22 காரட் தங்க முத்திரையவே எதிர்க்கல, பெரிய கடைங்க பலதுல அது கட்டாயமாகுறதுக்கு முன்னாடியே இருந்துச்சு. 2021 ஜூன் 16ல முதல்கட்டமா 256 மாவட்டத்துல கட்டாயமாச்சு, அப்புறம் ஜூலைல எச்யூஐடின்னு ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியா எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள நம்பர் வந்துச்சு பாருங்க, சண்டையே அதுலதான். ஆகஸ்ட் 23ல நாடு முழுக்க ஒருநாள் அடையாள ஸ்ட்ரைக்கே பண்ணாங்க.

அவங்க சொன்னதுல நியாயமும் இருக்கு. ரெண்டு கிராமுக்குக் குறையாத சின்ன கம்மல்னாலும் ஹால்மார்க் போடற சென்டருக்கு அனுப்பி, டெஸ்ட் பண்ணி, லேசர்ல நம்பர் போட்டு திரும்பி வரணும், அதுவரைக்கும் சரக்கு முடங்கிக் கிடக்கும், முகூர்த்த சீசன்ல யாரு காத்திருப்பா? கஸ்டமர் வந்து வளையல் டைட்டா இருக்கு, கொஞ்சம் வெட்டி ஒட்டிக் குடுங்கன்னா நம்பர் இருக்கற இடமே போயிடலாம், அப்புறம் மறுபடியும் முதல்லேருந்து. பல மாவட்டத்துல அப்போ சென்டரே கிடையாது.

ஆனா வெளிய சொல்லாத காரணம் ஒன்னு இருக்குன்னு எனக்குத் தோணுது, ஒவ்வொரு நகைக்கும் நம்பர் வந்துட்டா பில் இல்லாம விக்கறது கஷ்டம். எப்படியோ, 2023 ஏப்ரல் 1லேருந்து எச்யூஐடி இல்லாம ஹால்மார்க் நகை விக்கக்கூடாதுன்னு ஆயிடுச்சு. வருஷ டர்ன்ஓவர் 40 லட்சத்துக்குள்ள இருக்கற கடைக்கு விலக்கு உண்டு. வாங்கும்போது இந்திய தர நிர்ணய அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பரப் போட்டுப் பாருங்க.