கிராஞ்சி சதுப்பில் செடி பார்க்கப் போகிறீர்களா?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் இருபது பேர். கிராஞ்சி சதுப்புநிலத்தில் காட்டுச்செடிகளை அடையாளம் காணப் பழக ஆசை. யாரும் தாவரவியல் படித்ததில்லை. எப்படித் தொடங்குவது? கீரை கண்டால் பறிக்கலாமா?

பதில்: பறிக்கக் கூடாது. இங்கே பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதி இல்லாமல் செடியைப் பறிப்பது குற்றம். தேங்கிய நீரில் வளரும் கீரை அந்த நீரின் அழுக்கையும் சேர்த்தே உறிஞ்சியிருக்கும், அதனால் வாயில் வைத்தும் பார்க்க வேண்டாம்.

இருபது பேரும் ஒரே கூட்டமாக நடந்தால் முன்னால் நிற்கும் நாலு பேர்தான் செடியைப் பார்ப்பார்கள். ஐந்தைந்து பேராகப் பிரிந்துகொள்ளுங்கள், குழுவுக்கு ஒரு பத்து மடங்கு உருப்பெருக்கி போதும். 1970களில் கிராஞ்சி ஆற்றுக்கு அணை கட்டி நீர்த்தேக்கம் ஆக்கியபோது உருவான நன்னீர்ச் சதுப்பு அது. உட்பகுதிக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். முதல் தடவைக்குப் பொதுப்பாதையின் ஓரமே தாராளம்.

பூவைத் தேடி ஓடாமல் தண்டில் தொடங்குங்கள். புல் என்று நாம் கடந்துபோகும் பல செடிகள் கோரை. தண்டை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டினால், கோரை பெரும்பாலும் மூன்று விளிம்போடு தட்டுப்படும். கணு இருக்காது, உள்ளே கெட்டி. புல்லின் தண்டு உருண்டையாக, கணுக்களோடு இருக்கும். சில கோரைகளின் இலை கையைக் கீறிவிடும், கவனம்.

அப்புறம் வல்லாரை. துவையல் அரைத்துப் பழகியதால் நமக்குத் தெரியும் என்றே நினைப்போம். ஆனால் குளத்தோரம் அலங்காரத்துக்கு வைக்கும் வேறொரு செடிக்கும் அதே வட்ட இலை. குனிந்து இலையின் அடியைப் பாருங்கள். வல்லாரையில் காம்பு இலையின் பிளவில் வந்து சேரும். மற்றதில் குடைக்காம்பு போல இலையின் நடுவில் நிற்கும்.

ஐநேச்சுரலிஸ்ட் செயலி உதவும், ஆனால் ஒற்றை இலைப் படத்துக்கு அது சொல்லும் பெயரை நான் நம்பமாட்டேன். முழுச்செடி, இலையின் அடிப்புறம், இலை தண்டோடு சேரும் இடம், பூ அல்லது காய் என்று நான்கு படம் எடுங்கள்.

காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் இடிமழை அடிக்கடி வரும். முதல் நாள் பத்துச் செடி போதும். இரண்டு மாதம் கழித்து அதே பாதையில் நடந்து, அதே செடிகள் பூத்திருக்கின்றனவா, காய்த்திருக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள்.