படம் பார்த்தால் காய் இறங்குமா?

கேள்வி: என் மூன்று வயது மகன் இடியாப்பம், வெள்ளைப் பணியாரம் தவிர வேறெதையும் தொடுவதில்லை. படப்புத்தகம் காட்டினால் காய் சாப்பிடுவான் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஓரளவு உண்மைதான். புதிய உணவைக் கண்டு தயங்குவது இந்த வயதின் இயல்பு. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காயைப் பற்றிய படப்புத்தகத்தைப் பெற்றோருடன் இரண்டு வாரங்கள் நாள்தோறும் பார்த்த சிறு குழந்தைகள், அக்காயைச் சுவைத்துப் பார்க்கக் கூடுதலாக முன்வந்தனர். முன்பின் அறியாத காய்களிலேயே இப்பலன் மிகுதி. ஏற்கெனவே வெறுத்த காயில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

எனவே, விதை, செடி, சந்தை, சமையல் என ஒரு காயின் பயணத்தைக் காட்டும் புத்தகமாகத் தேர்ந்தெடுங்கள். சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. “சாப்பிடாத பிள்ளைக்கு என்ன ஆயிற்று தெரியுமா?” என்று மிரட்டும் கதைகள் எனக்கு உடன்பாடில்லை.

படத்தில் வெண்டைக்காயைப் பார்த்தவனை, அப்பத்தா வெண்டைக்காய் மண்டிக்கு (அரிசி கழுவிய நீரில் செய்யும் செட்டிநாட்டுப் பதார்த்தம்) காய் நறுக்கும்போது அருகில் அமர்த்துங்கள். குறுக்கே வெட்டிய துண்டின் ஐந்து அறைகளையும் அவற்றிலுள்ள வெண்விதைகளையும் அவனே தொட்டுப் பார்க்கட்டும், பிசுபிசுப்பையும் அறியட்டும். பிறகு, காரம் குறைத்த மண்டியிலிருந்து ஒரே ஒரு துண்டைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். தின்றாலும் தின்னாவிட்டாலும் பேச்சு வேண்டாம். பத்துப் பதினைந்து முறை வைத்த பிறகே சில பிள்ளைகள் வாயில் போடுவார்கள்.

புத்தகத்தைச் சாப்பாட்டு வேளையில் விரித்துக் கவனத்தைத் திருப்பி ஊட்டாதீர்கள். எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.