"காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிடுமாமே?"

கேள்வி: தனியார் நர்சிங் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். மாணவிகளுக்குக் கருத்தடை முறைகள் பாடம் எடுக்கிறேன். நன்மை, தீமை என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். ஆனால் போஸ்டிங் போன இடத்தில் ஒரு அம்மா, கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனத்தைப் பற்றி, "காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிடுமாமே?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஆபத்துகளை விளக்கிச் சொன்னால் தாங்களும் பயந்து, வந்தவர்களையும் பயமுறுத்திவிடுகிறார்கள். சொல்லாமல் விட்டால் அது மறைப்பது ஆகாதா? எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: மறைப்பதுதான், சொல்லியே ஆக வேண்டும். தொல்லை அந்தப் பட்டியலில் இருக்கிறது. கருத்தடை மாத்திரைக்கு "குமட்டல், தலைவலி, ரத்தக்கட்டு" என்று ஒரே வரியில் எழுதிப்போட்டால், அடிக்கடி வந்து தானே அடங்கும் குமட்டலும் பத்தாயிரத்தில் சிலருக்கு வரும் ரத்தக்கட்டும் மாணவி மனதில் ஒரே அளவாகப் பதிந்துவிடும். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு ஆபத்துக்கும் இரண்டு கேள்வி கேட்கப் பழக்குங்கள். எத்தனை பேருக்கு வரும்? எதிரே உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்ணுக்கு வருமா?

முதல் கேள்விக்கு அரிசி போதும். ஆயிரம் அரிசியை எண்ணி எடை போடுங்கள். அதுபோலப் பத்து மடங்கு எடை எடுத்தால் பத்தாயிரம். ஒரு தட்டில் பரப்பி, மஞ்சள் தோய்த்த அரிசிகளைப் போடச் சொல்லுங்கள். ஓராண்டுக் கணக்கில், மாத்திரையும் போடாமல் கர்ப்பமும் ஆகாத பத்தாயிரம் பெண்களில் 1 முதல் 5 பேருக்கு ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை போடுகிறவர்களில் 3 முதல் 9 பேர். கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேர். பிரசவம் ஆன முதல் 12 வாரத்தில் இதே கணக்கு 40 முதல் 65 வரை போகிறது. மாத்திரை ஆபத்தைக் கூட்டுகிறது என்பது உண்மை. வேண்டாத கர்ப்பம் அதைவிடக் கூட்டுகிறது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தட்டில் பார்த்த மாணவி இதை எளிதில் மறக்கமாட்டாள்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு மடங்கை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, சில புதுவகை மாத்திரைகளில் ரத்தக்கட்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று எச்சரித்தது. பழைய வகையில் ஒரு லட்சத்துக்கு 15 பேர். புதியதில் 25–30 பேர் என்பதுதான் அதன் பொருள். காதில் விழுந்ததோ "இரண்டு மடங்கு" மட்டும். பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார்கள். மறு ஆண்டு அங்கே கருக்கலைப்புகள் கூடின.

இரண்டாவது கேள்விக்குக் கேஸ் அட்டைகள் எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிப் பிரிவுகள் 1 முதல் 4 வரை: ஒன்று என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், நான்கு என்றால் கூடவே கூடாது. அட்டையில் நோயின் பெயர் மட்டும் போதாது, ஆள் இருக்கட்டும். "குழந்தைக்கு மூன்று வாரம், தாய்ப்பால் கொடுக்கிறார், மாலா-என் கேட்கிறார்." மாலா-என் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை; ஆறு வாரம் வரை அது நான்காம் பிரிவு. "வயது 37. ஒற்றைத் தலைவலி வருமுன் கண்ணில் மின்னல் வெட்டுகிறது." இவருக்குப் பக்கவாத ஆபத்து, ஆகவே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஒருநாளும் கூடாது, காப்பர்-டி ஆகும். "காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்." ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கி மாலா-என்னின் ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும், மாத்திரை போட்டும் கர்ப்பம் தரித்துவிடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசிக்கு அந்தத் தடை இல்லை. "புதுமணப் பெண், எட்டு மாதம் கழித்துக் குழந்தை வேண்டும்." அந்தராவை நிறுத்தியபின் கர்ப்பம் தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 7 முதல் 10 மாதம் ஆகும், ஆகவே இவருக்கு வேறு முறை. ஒவ்வொரு அட்டையிலும் பி.பி. எழுதியிருக்கட்டும், சில அட்டைகளில் வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். பி.பி. கேட்காமல் மாத்திரை கொடுக்கும் மாணவி அங்கேயே மாட்டுவாள். 160/100 தொட்டால் நான்காம் பிரிவு.

இனி அந்த அம்மாவின் கேள்வி. "அதெல்லாம் வதந்தி" என்று சொல்லிவிட வேண்டாம், அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. காலாவதியான ஒரு காப்பர்-டி 380ஏ-யைப் பிரித்து வகுப்பில் கைமாற்றுங்கள். ஸ்கேல் வைத்து அளக்கட்டும்: நீளம் 36 மி.மீ., குறுக்குக் கை 32 மி.மீ. கர்ப்பப்பை மாதிரியில் வைத்துப் பார்க்கட்டும். போடும்போது கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் போவது ஆயிரத்தில் ஒருவர் அளவில் நடக்கிறது. அங்கிருந்து நெஞ்சுக்குப் போக வழி கிடையாது. துளைப்பதற்குக் காரணம், கருப்பை முன்சாய்வா பின்சாய்வா என்று கைவைத்துப் பார்க்காமலும் சவுண்ட் என்னும் அளவுக் கம்பியை விட்டு ஆழம் அளக்காமலும் தள்ளுவது. "வெளிக்குழாயை இழு, உள்தண்டைத் தள்ளாதே" என்பதை மாணவி மாதிரியில் பலமுறை செய்யட்டும். தொற்று பெரும்பாலும் முதல் 20 நாளில் வருவது; போடும்போது உள்ளே போன கிருமிதான் காரணம். கருப்பை வாயில் சீழ் தெரிந்தால் அன்று போடக்கூடாது.

காப்பர்-டியில் மாணவிகள் தலைகீழாகப் படிப்பது ஒன்று உண்டு: "காப்பர்-டி போட்டால் குழாய்க் கர்ப்பம் வரும்." போட்டவருக்குக் கர்ப்பமே அரிது; முதல் ஆண்டில் நூறில் ஒருவருக்கும் குறைவு. ஆகவே மொத்தக் கணக்கில், எந்த முறையும் இல்லாதவரைவிட இவருக்குக் குழாய்க் கர்ப்பமும் குறைவே. ஆனால் தப்பித்தவறிக் கர்ப்பம் தரித்துவிட்டால், அது கருப்பையில் இல்லாமல் கருக்குழாயில் இருக்கும் வாய்ப்பு கூடுதல். நாள் தள்ளி, அடிவயிறு வலித்தால் "வாயுவாக இருக்கும்" என்று அனுப்பிவிடக் கூடாது.

அந்தராவில் பாடம் கைப்பழக்கத்தில்தான் இருக்கிறது. தசையில் ஊசி போட்டதும் பஞ்சை வைத்துத் தேய்ப்பது மாணவிகளுக்கு ஊறிப்போனது. 150 மி.கி. மருந்து தசையில் தங்கி மூன்று மாதம் மெல்லக் கசிய வேண்டும். தேய்த்தால் வேகமாக உறிஞ்சப்பட்டுக் காப்பு முன்னதாகவே குறையும். போட்டபின் லேசாக அழுத்தினால் போதும். ஒத்தடமும் கூடாது என்று அந்தப் பெண்ணிடமும் சொல்ல வேண்டும், வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வைப்பார். குப்பியைக் குலுக்காமல் இழுத்தால் மருந்து அடியிலேயே தங்கி அளவு குறையும். வெண்மை சீராகப் பரவும்வரை குலுக்கட்டும். அடுத்த ஊசியை இரண்டு வாரம் முன்னதாகவோ நான்கு வாரம் தாமதமாகவோ போடலாம். ஐந்தாவது வாரம் வந்தவரைத் திட்டி அனுப்பாமல், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்து தொடர வேண்டும்.

ஊசியை விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் உதிரப்போக்கு மாறுவதால்தான் போகிறார்கள். முதல் மாதங்களில் சொட்டுச் சொட்டாகப் படும். ஓராண்டில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மாதவிலக்கு நின்றுவிடும். "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுதே" என்று பயப்படுவார்கள். கருப்பையின் உள்சவ்வே மெலிந்திருப்பதால் வெளியேற ஒன்றும் இல்லை என்பதை ஊசி போடும் முன்பே சொல்ல வேண்டும். பின்னால் சொன்னால் சமாதானம் போலத்தான் கேட்கும்.

வாரக் கணக்கில் போடும் சாயா கருத்தடை மாத்திரையில் கிழமைதான் குழப்பும். முதல் மாத்திரை மாதவிலக்கின் முதல் நாள். அது ஞாயிறு என்றால் வாரத்தின் இரண்டாவது மாத்திரை புதன். திங்கள் என்றால் வியாழன். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு முதல் கிழமையில் மட்டும் ஒன்று. மூன்று மாதம் முடிந்தபின்னும் வாரம் இரண்டு போடுகிறவர்களும், முதல் வாரத்திலேயே ஒன்றுக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. ஆகவே வெற்றுக் காலண்டர் கொடுத்து நான்கு மாதத்துக்கு மாணவியே வட்டம் போடட்டும். இது ஹார்மோன் இல்லாதது, தாய்ப்பால் கொடுப்பவருக்கும் ஆகும். சினைப்பை நீர்க்கட்டி, அண்மையில் மஞ்சள் காமாலை, காசநோய் உள்ளவருக்குக் கொடுப்பதில்லை.

மாலா-என்னில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: 28 மாத்திரையில் கடைசி ஏழும் இரும்புச்சத்து, மறந்தாலும் கர்ப்பம் தரிக்காது. ஆபத்து அந்த ஏழு நாள் இடைவெளி நீளும்போதுதான், அதாவது புது அட்டையைத் தாமதமாகத் தொடங்கும்போது. ஹார்மோன் மாத்திரை இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து விட்டுப்போனால் உடனே ஒன்றைப் போட்டு, ஏழு நாள் ஆணுறையும் சேர்க்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் விட்டுப்போனால் இரும்பு மாத்திரையைத் தாண்டி நேராக அடுத்த அட்டைக்குப் போகலாம்.

ஆணுறை என்றதும் வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும், இரண்டு நிமிடம். தேங்காய் எண்ணெய் பட்ட ரப்பர் உறை சீக்கிரம் நைந்து கிழியும் என்பதைச் சொன்னால் சிரிப்பு நின்று குறிப்பு எடுப்பார்கள். ஆண்களுக்கான ஆபரேஷன் ஆனவுடன் பலன் தராது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியாகும்வரை வேறு முறை வேண்டும்.

பிரசவம் ஆனதும் போடும் காப்பர்-டிக்குச் சம்மதம் கேட்கும் இடம் லேபர் வார்டு அல்ல. வலியில் கிடக்கும் பெண் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. கர்ப்பகாலப் பரிசோதனைகளின்போதே, மாமியார் இல்லாத நேரம் பார்த்துப் பேசி, அட்டையில் குறித்திருக்க வேண்டும். பின்னாளில் "என்னைக் கேட்காமலே வச்சிட்டாங்க" என்ற ஒரு பேச்சு அந்த ஊரில் பத்துப் பெண்களைத் தடுக்கும்.

தேர்வில் "காப்பர்-டியின் தீமைகள் எழுதுக" என்று கேட்பதை நிறுத்துங்கள். இப்படிக் கேளுங்கள்: "இரண்டு வருடம் முன் காப்பர்-டி போட்டவர் போன் செய்கிறார். பத்து நாள் தள்ளியிருக்கிறது, வலது அடிவயிறு வலிக்கிறது, தலை சுற்றுகிறது. நீ என்ன கேட்பாய், எங்கே அனுப்புவாய்?" முதலில் கர்ப்பப் பரிசோதனை, உடனே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை, தனியாகப் பஸ்ஸில் வர வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள் என்று சொல்லும் மாணவிக்கு முழு மதிப்பெண்.