அமெரிக்கப் பள்ளிகளில் 'ஸ்பிரிட் வீக்' என்று ஒரு வாரம் முழுக்கக் கூத்தடித்தால் படிப்பு கெடாதா? படிக்கிற பிள்ளைக்கு அங்கே மதிப்பு உண்டா?

கேள்வி கேட்டவர் குடும்பத்தோடு டெக்சாஸுக்கு வரப்போகிறார், மகன் ஒன்பதாம் வகுப்பில் சேரப்போகிறான். உறவினர் யாரோ அனுப்பிய படத்தில் பிள்ளைகள் பைஜாமாவோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கலங்கிப்போயிருக்கிறார். நான் டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கேதான் உயர்நிலைப் பள்ளி படித்தார்கள். கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன்: கெடாது. கெட விடாமல் பார்த்துக்கொள்ள இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது.

முதலில் அந்த வாரம் என்னவென்று பார்ப்போம். செப்டம்பர், அக்டோபரில் ஹோம்கமிங் வரும். பழைய மாணவர்கள் ஊர் திரும்பி வந்து கால்பந்தாட்டம் பார்ப்பதற்காகத் தொடங்கிய வழக்கம். மிசூரி பல்கலைக்கழகம் 1911-இல் நாங்கள்தான் ஆரம்பித்தோம் என்கிறது. டெக்சாஸின் பெய்லர் பல்கலைக்கழகமோ, 'இல்லை, 1909-இலேயே நாங்கள் நடத்திவிட்டோம்' என்கிறது. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். இங்கே கால்பந்து என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுகிற அமெரிக்கக் கால்பந்து என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் வெள்ளிக்கிழமை இரவு. அதற்கு முந்தைய நாட்கள்தான் ஸ்பிரிட் வீக். ஒரு நாள் பைஜாமா, ஒரு நாள் தோழியும் தானும் ஒரே மாதிரி உடை, ஒரு நாள் எழுபதுகளின் பெல்பாட்டம், ஒரு நாள் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நிறம், வெள்ளிக்கிழமை பள்ளியின் நிறம். வேஷம் மாறுமே தவிர வகுப்புகள் வழக்கம்போல நடக்கும். என் மகள் வாழைப்பழ வேஷத்தில் வேதியியல் தேர்வு எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மட்டும் பாட வேளைகளைச் சுருக்கி, மொத்தப் பள்ளியையும் ஜிம்மில் உட்காரவைத்து 'பெப் ராலி' நடத்துவார்கள். டிரம் அடிக்கிற பிள்ளைகள், சியர்லீடர்கள், டிரில் டீம் என்கிற நடனக் குழு, ஆசிரியர்கள் ஆடுகிற அசட்டு நடனம் என்று காது கிழியும்.

இந்த ஊர்க் கால்பந்து வெறியைச் சொல்லாமல் இந்த வாரம் புரியாது. பக்கத்து ஊரான ஆலனில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆடுவதற்கென்று 2012-இல் ஸ்டேடியம் திறந்தார்கள். 18,000 இருக்கைகள், ஏறத்தாழ 6 கோடி டாலர் செலவு. கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014-இல் மூடி, சரிசெய்து அடுத்த வருடம் மறுபடியும் திறந்தார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டு இவர்களுக்குப் படிப்பு முக்கியமில்லை என்று முடிவுகட்டுவது சுலபம். நம்மவர்கள் பலரும் அப்படித்தான் பேசுவார்கள்.

இப்போது சட்டம். 1984-இல் டெக்சாஸ் கல்விச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கான குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ராஸ் பெரோ, பின்னால் ஜனாதிபதித் தேர்தலில் நின்றாரே, அதே கோடீஸ்வரர். 'தேறாவிட்டால் ஆட்டம் இல்லை' என்ற விதி அதில் இருந்தது. மதிப்பெண் அட்டை தருகிற ஒவ்வொரு காலகட்டத்தின் முடிவிலும் ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால், ஆட்டம், பேண்டு, நாடகம், விவாதப் போட்டி எதிலும் மேடையேறவோ களமிறங்கவோ முடியாது. முதலில் ஆறு வாரத் தடை. பிறகு மூன்று வாரமாகக் குறைத்தார்கள். பயிற்சிக்கு வரலாம், போட்டிக்கு வர முடியாது. கல்லூரித் தரத்தில் நடத்துகிற ஏபி போன்ற கடினமான பாடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கால்பந்துப் பயிற்சியாளர்கள் கொதித்துப்போனார்கள். சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் மார்க் வைட் 1986 தேர்தலில் தோற்றதற்குப் பயிற்சியாளர்களின் கோபமும் ஒரு காரணம் என்று இன்றும் சொல்வார்கள். ஆளுநர் போனார், விதி நிலைத்துவிட்டது.

இது வீட்டில் எப்படி வேலை செய்யும் தெரியுமா? என் மூத்தவன் பேண்டில் டிராம்போன். அல்ஜீப்ராவில் அவன் 71-இல் தொங்கிக்கொண்டிருந்தபோது நான் திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை. பேண்டு ஆசிரியர் ஒரு வார்த்தை கேட்டார், மறுநாளே டியூஷன் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தான். அணிவகுப்பில் ஓர் ஆள் குறைந்தால் புல்வெளியில் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும், அத்தனை பேருக்கும் தெரியும். அந்தப் பயத்துக்கு முன்னால் அம்மாவின் கோபம் எம்மாத்திரம்! இன்னொன்று, டெக்சாஸில் மார்ச்சிங் பேண்டுக்கு உடற்கல்விக்கான கிரெடிட்டும் கிடைக்கும். ஆகஸ்ட் வெயிலில் தார்த் தரையில் நின்று பயிற்சி எடுக்கிறவர்களுக்கு அது நியாயமும்கூட.

அந்த வாரத்தில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அங்கே கொண்டாடப்படுவது முதல் மதிப்பெண் பிள்ளை மட்டும் இல்லை. சியர்லீடிங்கை ஒரு தொழிலாகவே ஆக்கியவர் லாரன்ஸ் ஹெர்கிமர் என்ற டாலஸ்காரர். 1948-இல் 52 பெண்களும் ஒரு பையனுமாக முதல் பயிற்சி முகாம் நடத்தினார். பிறகு ஒரு முகாமில், திறமையில் பின்தங்கியிருந்தாலும் உற்சாகத்தில் எல்லாரையும் மிஞ்சிய ஒரு குழுவுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று ஒரு மரக்கிளையை ஒடித்து, வர்ணம் அடித்துக் கொடுத்தாராம். அதுதான் 'ஸ்பிரிட் ஸ்டிக்'. இன்றைக்கும் பெப் ராலியில் பள்ளியே அதிரக் கத்துகிற வகுப்புக்கு அதைக் கொடுப்பார்கள். கீழே விழக்கூடாது என்று ஒரு நம்பிக்கை வேறு. நான் படித்த பள்ளியின் ஆண்டு விழாவில் மேடை ஏறியது வருடா வருடம் அதே ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் கீழே வெயிலில் உட்கார்ந்து கைதட்டுவோம். கத்துவதற்குப் பரிசு இருந்திருந்தால் எனக்கும் ஒன்று கிடைத்திருக்கும்.

சரி, படிக்கிற பிள்ளைக்கு மதிப்பு உண்டா? உண்டு, ஆனால் சத்தம் இருக்காது. விருது விழா மே மாதத்தில் ஒரு மாலை, அழைப்பு வந்த குடும்பங்கள் மட்டும். 18,000 பேர் எல்லாம் வரமாட்டார்கள். இது எனக்கு இன்றும் உறுத்தல்தான். ஏபி ஸ்காலர் விருதுக்கு அந்த மேடையும் கிடையாது. மூன்று ஏபி தேர்வுகளில் ஐந்துக்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களுக்கு அது கோடை விடுமுறையில் இணையத்தில் வந்து விழும். நாமாகத் திறந்து பார்த்தால்தான் உண்டு. சிறந்த மாணவர்களுக்கான நேஷனல் ஹானர் சொசைட்டி என்ற அமைப்பு 1921-இல் தொடங்கியது. அதில் சேர மதிப்பெண்ணோடு சேவை, தலைமைப் பண்பு, நன்னடத்தை எல்லாம் பார்ப்பார்கள். படிப்புக்கும் பேண்டுக்கும்கூட, பள்ளியின் எழுத்தைத் தைத்த 'லெட்டர் ஜாக்கெட்' உண்டு. 1865-இல் ஹார்வர்டு பேஸ்பால் அணி சட்டையில் 'எச்' எழுத்தைத் தைத்துக்கொண்டதிலிருந்து வந்த பழக்கம் அது. டெக்சாஸ் குளிருக்கு அந்தக் கம்பளி ஜாக்கெட் தேவையே இல்லை, இருந்தாலும் என் மகள் வியர்வையோடு அதைப் போட்டுக்கொண்டு அலைந்தாள்.

காசு பார்க்க வேண்டிய இடம் வேறு. பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதுகிற பிஎஸ்ஏடி தேர்வுதான் நேஷனல் மெரிட் என்ற உதவித்தொகைப் போட்டிக்கு வாசல். நாடு முழுக்க ஏறத்தாழ 13 லட்சம் பேர் எழுதி, 16,000 பேர் அரையிறுதிக்கு வருவார்கள். மாநிலத்துக்கு மாநிலம் தகுதி மதிப்பெண் வேறு. நேஷனல் மெரிட் அமைப்பு நேரடியாகக் கொடுப்பது 2,500 டாலர்தான். ஆனால் சில பல்கலைக்கழகங்கள் இந்தப் பிள்ளைகளை இழுக்கப் போட்டி போட்டுக்கொண்டு பெரிய உதவித்தொகை தரும். வகுப்பில் முதலிடம் பெற்ற பிள்ளைக்கு டெக்சாஸின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் வருடக் கல்விக் கட்டணமே கிடையாது. அதுவும் மாநிலச் சட்டம்.

உங்கள் மகனுக்கு உண்மையான நெருக்கடி ஸ்பிரிட் வீக்கால் வராது, ரேங்க்கால்தான் வரும். 1997 சட்டப்படி வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் இருந்தால் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் நிச்சயம். ஆஸ்டினில் இருக்கிற பெரிய பல்கலைக்கழகம் மட்டும் அதை 6 சதவீதமாகச் சுருக்கி, 2026-இல் சேருகிறவர்களுக்கு 5 சதவீதம் ஆக்கிவிட்டது. நம் பிள்ளைகள் குவிந்திருக்கிற பள்ளிகளில் அந்த 5 சதவீதத்துக்குள் நுழைய எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று வந்து பார்த்தால், பைஜாமா படம் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ரேங்க் போகிறதே என்று பேண்டை விடச் சொல்கிற பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் விடவேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் புது நாட்டில் வந்து இறங்குகிற பையனுக்கு, பள்ளி திறப்பதற்கு முன்பே நண்பர்கள் கிடைக்கிற நல்ல இடம் பேண்டுப் பயிற்சி.

கவலைப்பட வேண்டுமென்றால் செலவைப் பற்றிக் கவலைப்படுங்கள். ஹோம்கமிங்குக்கு அணிகிற 'மம்' என்று டெக்சாஸுக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது நிஜ சாமந்திப் பூ. இப்போது சாப்பாட்டுத் தட்டளவு செயற்கைப் பூ, நடுவில் கரடிப் பொம்மை, கீழே தரையைத் தொடும் ரிப்பன்கள், குட்டி மணிகள், சிலவற்றில் மின்விளக்குகூட உண்டு. பெண் பிள்ளைகள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அந்த வெள்ளிக்கிழமை பள்ளி முழுக்க ஜல்ஜல் என்று நடப்பார்கள். பையன்களுக்குச் சின்னதாகக் கையில் கட்டுகிற 'கார்ட்டர்'. பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் வெள்ளையும் வெள்ளி நிறமும். கடையில் செய்யக் கொடுத்தால் சில நூறு டாலர் போய்விடும். கட்டாயம் ஒன்றும் இல்லை, பள்ளியும் கேட்காது, ஆனால் பதினைந்து வயதில் எல்லாருக்கும் இருப்பது தனக்கு இல்லை என்றால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? பல வருடம் இது நவராத்திரியோடு வந்து மோதும். எங்கள் வீட்டில் ஒரு பக்கம் கொலுப்படி, இன்னொரு பக்கம் தரை முழுக்க ரிப்பனும் பசை துப்பாக்கியும்.

உங்களுக்குப் பையன்தான், கார்ட்டரோடு தப்பிக்கலாம். அதையும் வீட்டிலேயே செய்யுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. ரிப்பனை மட்டும் ஆகஸ்டிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். செப்டம்பர் பாதியில் போனால் உங்கள் பள்ளி நிறம் மட்டும் எந்தக் கடையிலும் இருக்காது.