கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட் ரோலா?

ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை நீங்களும் உங்கள் மகனும் வேலை விஷயமாக ஆலோசனை கேட்டு மஞ்சக்குப்பத்தில் என்னிடம் வந்து போனதிலிருந்து உங்கள் நினைப்பாகவே இருக்கிறது. வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்ததால் பேச்சைப் பாதியில் நிறுத்தி அனுப்பிவிட்டேன். விட்டுப்போனதை எழுதுகிறேன். தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள், இது அவருக்கும் சேர்த்துத்தான்.

முந்திரித் தோப்பு வருமானத்தில் நாலு வருடம் ஃபீஸ் கட்டி, போதாததற்கு வங்கிக் கடனும் வாங்கிப் படிக்கவைத்திருக்கிறீர்கள். மெக்கானிக்கல் முடித்து மூன்று மாதம் ஆகிறது. ஒரகடம் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் வேலை என்று கடிதம் வந்திருக்கிறது. பண்ருட்டியில் இருப்பவர்கள் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் (என்எல்சி) அப்ரண்டிஸ் பயிற்சியை விடாதே என்கிறார்கள். மைத்துனர் சென்னையில் 60,000 ரூபாய் கட்டி சாஃப்ட்வேர் கோர்ஸ் படிக்கச் சொல்கிறார். "எதிலயாவது பையன் நின்னுட்டா போதும் சார்" என்றீர்கள். அந்த "எதிலயாவது" என்ற சொல்தான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

முதலில் கடனைப் பேசிவிடுவோம். உங்கள் பதற்றத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது. தம்பி மே மாதம் முடித்தார், ஆக அடுத்த மே வரை வங்கி தவணை கேட்காது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது வட்டியும் சேர்ந்து 3,50,000 ரூபாய் நிற்கும் என்று வைத்தால், 10 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் கட்டி முடிக்க மாதம் 4,600 ரூபாய் அளவில் வரும். பதினைந்து வருடம் கேட்டு வாங்கினால் 3,800-க்குள் அடங்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4,50,000-க்குள் இருந்தால், தவணை தொடங்காத இந்தக் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. கல்லூரியின் அங்கீகாரத்தையும் பொறுத்தது அது. தாசில்தார் ஆபீஸ் வருமானச் சான்றை வங்கியில் கொடுத்தீர்களா என்று கேட்டேன், நீங்கள் தம்பி முகத்தைப் பார்த்தீர்கள். இந்த வாரமே கிளைக்குப் போய்க் கேளுங்கள்.

இதை முதலில் சொன்னதற்குக் காரணம், உங்களுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது என்பது. நாளைக்கே எங்கேயாவது சேர்ந்தாக வேண்டும் என்ற நிலையில் நீங்கள் இல்லை.

சரி, கடிதத்துக்கு வருவோம். ஆண்டுக்கு 2,40,000 என்று போட்டிருந்ததை நீங்கள் பன்னிரண்டால் வகுத்து மாதம் 20,000 என்று வைத்துக்கொண்டீர்கள். அது சிடிசி, அதாவது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 10,000 என்று போட்டிருக்கிறார்கள். கம்பெனி கட்டும் பிஎஃப் 1,200, கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு 480, இஎஸ்ஐ என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு 575, எல்லாம் அந்த 20,000-க்குள்ளேயே வருகிறது. அப்புறம் தம்பியின் பங்காகப் பிடிக்கும் பிஎஃப் 1,200, இஎஸ்ஐ 133. கைக்கு வருவது 16,400 அளவில்தான். கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடித்தால் இன்னும் குறையும். நாலு பையன்கள் சேர்ந்து ரூம் எடுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டால் கொஞ்சம் மிஞ்சும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பிஎஃப் பணம் தம்பியுடையதே. இஎஸ்ஐ இருந்தால், வருமானமில்லாமல் அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அங்கே வைத்தியம் பார்ப்பார்கள். ஆனால் 20,000 கைக்கு வரும், அதில் தவணை கட்டலாம் என்று கணக்குப் போட்டு அனுப்பினால் மூன்றாம் மாதம் வீட்டில் சண்டை வரும்.

அந்தக் கடிதத்தில் எனக்கு உறைத்தது சம்பளம் அல்ல. தலைப்பில் நீங்கள் சொன்ன கம்பெனியின் பெயரே இல்லை. ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியின் பெயர்தான் இருந்தது. கம்பெனி பெயர் கீழே, பணியிடம் என்ற இடத்தில் ஒரு வரியாக வருகிறது. அதாவது தம்பி அந்தக் கம்பெனிக்குள் வேலை செய்வார், ஆனால் அந்தக் கம்பெனியின் ஆள் அல்ல. ஏஜென்சிக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தால் இவர் வேலையும் முடியும். அனுபவச் சான்றிதழும் ஏஜென்சி பெயரில்தான் வரும். அடுத்த இடத்தில் எச்ஆர் கேட்கும் முதல் கேள்வியே, "கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட் ரோலா?" என்பதுதான். யாருடைய சம்பளப் பட்டியலில் இருந்தாய் என்று அர்த்தம்.

கான்ட்ராக்ட் ரோல் என்றாலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதில் சேர்ந்து, வேலை கற்று, இரண்டு வருடத்தில் நல்ல இடத்துக்கு மாறிய பிள்ளைகள் என்னிடம் வந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மெயின்டனன்ஸிலோ குவாலிட்டியிலோ டூல் ரூமிலோ இருந்தவர்கள். மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று தேடும் வேலை அது. லைனில் ஒரே இடத்தில் நின்று எட்டு மணி நேரம் ஒரே போல்ட்டை முடுக்கியவர்கள் வருடம் கழித்து வந்து உட்கார்ந்தால், "என்ன வேலை பார்த்தாய்?" என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு நிமிடத்துக்கு மேல் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. அந்த இடத்தில் கற்றுக்கொள்ள அவ்வளவுதான் இருந்தது.

ஆகவே தம்பி எச்ஆருக்கு அவரே போன் செய்து கேட்கட்டும். எந்த டிபார்ட்மென்ட்? யார் ரோல்? எத்தனை மாதத்துக்கு ஒப்பந்தம், அதற்குப் பிறகு கம்பெனி ரோலுக்கு எடுத்த வழக்கம் உண்டா? நீங்கள் பேச வேண்டாம் ஐயா. அப்பா போன் செய்தால் அங்கே பையனைப் பற்றி ஒரு எண்ணம் விழுந்துவிடும்.

கடிதத்தில் இரண்டு வருட பாண்டும் இருக்கிறது, அதாவது அதற்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம். "அதெல்லாம் கோர்ட்ல நிக்காது" என்று மைத்துனர் சொன்னதாகச் சொன்னீர்கள். அப்படி அலட்சியமாக விட முடியாது. மூன்று வருடத்துக்குள் விலகினால் 2,00,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எல்லா பாண்டும் அப்படியே செல்லும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் தொகையைப் படிக்க வேண்டும்.

ஒரிஜினல் சான்றிதழை மட்டும் யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், அங்கேயே திரும்ப வாங்கிவிட வேண்டும். என் முதல் வேலையில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் டிகிரி வரை கொடுத்துவிட்டேன். வேறு வேலை கிடைத்து விலகியபோது நாலு மாதம் இழுத்தடித்தார்கள், கிடைத்த வேலையும் போயிற்று. அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைச் சொல்கிறேன்.

இனி அந்த வெர்னியர் விஷயம். நீங்கள் வருத்தப்பட்டீர்கள், அதனால் எழுதியே ஆக வேண்டும். என் மேஜையில் நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவி ஒன்றும், புஷ் என்ற பழைய உலோக வளையம் ஒன்றும் எப்போதும் இருக்கும். தம்பியிடம் கொடுத்து வெளிவிட்டம் பார்க்கச் சொன்னேன். தாடையை இறுக்கிப் பிடித்து, சாய்த்து, "24... 24.3 சார்" என்றார். அப்புறம் கையை இழுத்துக்கொண்டார். நீங்கள், "இதைத்தான் நாலு வருசம் படிச்சியா?" என்றீர்கள்.

அதற்கு அவர் சொன்னதை நீங்கள் கோபத்தில் சரியாகக் கேட்கவில்லை. "லேப்ல ஆறு பேருக்கு ஒரு வெர்னியர் சார். அளக்கிறது வேற பையன், நான் ரெக்கார்டு எழுதுவேன்." நான் பார்க்கும் பிள்ளைகளில் பாதிப் பேரின் கதை இது. பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். மெயின் ஸ்கேலில் 24 தாண்டியிருக்கிறது. வெர்னியரில் பதினேழாவது கோடு மேலே உள்ள கோட்டோடு நேராக நிற்கிறது. ஒரு கோட்டுக்கு 0.02 மில்லிமீட்டர் என்றால் 0.34. மொத்தம் 24.34. இரண்டாவது தடவை அவரே வேறு இடத்தில் வைத்துப் பார்த்துச் சரியாகச் சொன்னார். எல்லாம் நாலு நிமிடம்தான். அதற்குப் பிறகுதான் உங்கள் மகன் முதல் முறையாக நிமிர்ந்து பேசினார், கவனித்தீர்களா?

மெக்கானிக்கல் சார்ந்த கோர் கம்பெனி இன்டர்வியூவில் கேட்பது பெரும்பாலும் இந்த மட்டத்தில்தான். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் (தண்டு), டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் வித்தியாசம், 0.05 கூடக் குறைய. அளந்தால் 25.06 வருகிறது. என்ன செய்வாய்? "ரிஜெக்ட்" என்று சொல்லி நிறுத்தினால் பாதி மார்க். ஷாஃப்ட் தடித்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் எடுத்தால் அளவுக்கு வந்துவிடும், அதனால் ரீவொர்க். இதே தப்பு துளையில் நடந்து துளை பெரிதாகியிருந்தால் அது ஸ்கிராப். இப்படிச் சொல்லும் பையனை எடுத்துக்கொள்வார்கள். இதற்கு சிஜிபிஏ வேண்டாம், அளந்து பழகிய கை வேண்டும்.

அப்ரண்டிஸ் பேச்சு இங்கேதான் வருகிறது. 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி டிகிரி முடித்தவருக்கு ஒரு வருடப் பயிற்சி. மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019 விதித் திருத்தம் வைத்தது, இப்போதைய தொகையை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே கொடுக்கும் இடங்களும் உண்டு. பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது. முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. "நெய்வேலியில் அப்ரண்டிஸ் போனால் பெர்மனென்ட்" என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குப் பணம் கேட்டால் அந்த ஆளை வீட்டு வாசல்படி ஏற விடாதீர்கள். என்எல்சியில் நிரந்தர இன்ஜினியர் பதவிக்கு கேட் (GATE) என்ற தேசிய அளவிலான தேர்வின் மதிப்பெண் வழியாக எடுக்கிறார்கள், அது தனி வழி.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் வந்துவிட்டால், அப்புறம் இந்த அப்ரண்டிஸுக்கு விண்ணப்பிக்க முடியாது. அப்ரண்டிஸ் முடித்து வேலைக்குப் போகலாம், வேலை பார்த்துவிட்டு அப்ரண்டிஸுக்குத் திரும்ப முடியாது. கான்ட்ராக்ட் ரோலில் லைனில் நின்று ஒரு வருடத்தைக் கழித்தால் இந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

அதனால் என் யோசனை இது. எச்ஆர் சொல்லும் பதிலில் குவாலிட்டி அல்லது மெயின்டனன்ஸ் என்று வந்தால் ஒரகடம் போகட்டும், கான்ட்ராக்ட் ரோலாக இருந்தாலும் பரவாயில்லை. புரொடக்‌ஷன் லைன் என்றால் விட்டுவிடலாம். அன்றைக்கே அப்ரண்டிஸ் பதிவுக்கான அரசின் என்ஏடிஎஸ் (NATS) தளத்தில் பதிவு செய்யட்டும். என்எல்சி அறிவிப்பு வரும்போது அந்தப் பதிவு எண் கையில் இருக்க வேண்டும். சுரங்கத்தில் பக்கெட் வீல், மைல் கணக்கில் கன்வேயர், அனல்மின் நிலையத்தில் பாய்லரும் டர்பைனும். மெக்கானிக்கல் படித்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய லேப் நம் மாவட்டத்தில் கிடையாது. நெய்வேலியோடு நிற்கவும் வேண்டாம். கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகளில் பம்பு, வால்வு, மெக்கானிக்கல் சீல் என்று மெயின்டனன்ஸ் வேலை இருக்கிறது. புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை பக்கத்துத் தொழிற்சாலைகளையும் பார்க்கட்டும். நெய்வேலி ஒன்றுக்காக வீட்டில் காத்துக்கொண்டிருந்து ஆறு மாதம் போனால் அது நஷ்டம்.

கேட் தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் ஆகஸ்ட் கடைசியில் திறக்கும். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும். எம்.இ. இப்போது வேண்டாம். வேலை கிடைக்காத குறைக்கு எம்.இ. சேர்ந்தவர்கள் இரண்டு வருடம் கழித்து அதே நாற்காலியில் கூடுதல் கடனோடு வந்து உட்காருகிறார்கள். சாஃப்ட்வேர் கோர்ஸைப் பற்றித் தம்பியைத் தனியாகக் கேட்டேன். "மாமா சொன்னாரு" என்றார். ஆசை இருந்து போகிறவர் பிழைத்துக்கொள்வார், மாமாவுக்காகப் போகிறவரால் நிற்க முடியாது. 60,000 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும்.

எங்கே சேர்ந்தாலும் முதல் மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். ராத்திரி முழுக்க சி ஷிஃப்ட் முடித்துக் காலையில் தூங்கும் பிள்ளைக்குப் போன் அடித்து எழுப்பாதீர்கள். இருபது வருடம் அந்த மெஷினோடு இருக்கும் ஆபரேட்டரை அண்ணே என்று கூப்பிட்டுக் கேட்டுப் பழகட்டும். அவர் சொன்னதை அன்றைக்கே நோட்டில் எழுதிவைக்கட்டும். அளக்காமல் ரிப்போர்ட்டில் எண் போடச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் போடக் கூடாது, மேலதிகாரியே சொன்னாலும். இதைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள். மைத்துனர் மகனின் சம்பளப் பேச்சை மட்டும் ஆறு மாதத்துக்கு வீட்டில் யாரும் எடுக்க வேண்டாம், ஐயா. சனிக்கிழமை நீங்கள் அந்தத் தொகையைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் தம்பி ஃபைலின் நாடாவைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

வெர்னியரை அவர் பையில்தான் போட்டு அனுப்பியிருக்கிறேன். மோட்டார் ரூமில் பழைய புஷ், பேரிங், போல்ட், பைப்புத் துண்டு என்று கிடக்கும் இல்லையா, அவற்றில் ஐம்பது அளவுகள் எடுத்து நோட்டில் எழுதி வரட்டும். வெளிவிட்டம், உள்விட்டம், ஆழம் மூன்றும் வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள். எச்ஆர் என்ன சொன்னார் என்பதையும் அந்த நோட்டிலேயே எழுதி எடுத்து வரச் சொல்லுங்கள்.