பாண்டு போட்டிருக்கிறேன், வேலையை விட்டுப் பாய் நெய்யப் போகலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் ஆறு வருடமாக வேலை. 11 மாதத்துக்கு முன் பயிற்சிக்கு அனுப்பியபோது, இரண்டு வருடம் இருக்காவிட்டால் 3 லட்சம் கட்டுவேன் என்று பாண்டில் (ஒப்பந்தப் பத்திரத்தில்) கையெழுத்துப் போட்டேன். இப்போது திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைக்குப் போய் உம்மம்மாவிடம் (பாட்டியிடம்) கோரைப்பாய் நெய்யக் கற்றுக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். முழுப் பணமும் கட்டாமல் அசல் டிகிரி சர்டிபிகேட்டைத் தர மாட்டோம், போலீசுக்கும் போவோம் என்கிறார்கள்.

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். விருப்பமில்லாத ஒருவரை வேலையில் இருந்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. பாண்டை மீறுவது சிவில் விவகாரம், அதில் போலீசுக்கு வேலை இல்லை.

ஆனால் பாண்டு வெறும் காகிதம் என்று நண்பர்கள் சொன்னால் நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக 3 லட்சத்தையும் அப்படியே கட்ட வேண்டும் என்றில்லை. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கேட்க முடியும். அதனால் பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவானது என்று மெயிலில் கணக்குக் கேளுங்கள், 11 மாதம் வேலை பார்த்ததைக் கழித்து ஒரு தொகை பேசுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

சர்டிபிகேட் உங்கள் சொத்து, அதை அடமானம் போலப் பிடித்து வைப்பது தவறு; கேட்டும் தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து; அது மொத்தச் சம்பளத்தில் பாதிக்கும் குறைவென்றால் அந்தப் பாதியை) 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, அதை ஆறால் பெருக்கிப் பாருங்கள். பாண்டைக் காட்டி அதில் கை வைக்க விடாதீர்கள். நோட்டீஸ் பீரியடை மட்டும் முழுதாக முடித்துவிட்டுக் கிளம்புங்கள், சொல்லாமல் போனால் பேச்சுவார்த்தையில் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு (ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு) பெற்றது. அந்தப் பெயரைப் போட்டு விற்கப்போகிறீர்கள் என்றால், சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். உம்மம்மா பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் முதல் விண்ணப்பம் அவர் பெயரில் போகட்டும்.