மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு முடிந்தது நவம்பர் 13-ஆ, டிசம்பர் 20-ஆ?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில், இனம் பார்த்து இருக்கை பிரிப்பதை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடத்திய போராட்டம் இது. அது முடிந்த நாளை உங்கள் மகளின் காலவரிசை அட்டவணையில் 1956 டிசம்பர் 20 என்றே போடுங்கள். நவம்பர் 13 அன்று முடிந்தது வழக்குதான், போராட்டம் அல்ல.

அலபாமா பேருந்துகளில் இனம் பார்த்து இருக்கை பிரிப்பது செல்லாது என்ற தீர்ப்பை அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உத்தரவு ஊருக்கு வந்து சேர டிசம்பர் 20 ஆகிவிட்டது. குழப்பம் இங்கேதான் வந்திருக்கும். நவம்பர் 13 அன்றே உள்ளூர் நீதிமன்றம் போராட்டக்காரர்கள் ஒருவரையொருவர் காரில் ஏற்றிச் செல்ல வைத்திருந்த ஏற்பாட்டுக்கும் தடை போட்டது. அப்படியும் மக்கள் பேருந்தில் ஏறவில்லை. அடுத்த ஐந்து வாரமும் பலர் நடந்தே வேலைக்குப் போனார்கள்.

எண்ணிப் பாருங்கள்: 1955 டிசம்பர் 5-இல் தொடக்கம். 1956 லீப் வருடம், அதனால் மறு டிசம்பர் 5 வரை 366 நாள், அப்புறம் 15. மொத்தம் 381. உங்களுக்கு 385 வந்தால், பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான டிசம்பர் 1-இலிருந்து எண்ணியிருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் கவனம்: அந்த வழக்கு ரோசா பார்க்ஸ் தொடுத்தது அல்ல. ஆரேலியா பிரவுடர் உள்ளிட்ட நான்கு பெண்களுடையது. அவர்களில் கிளாடெட் கால்வின், 1955 மார்ச்சிலேயே, 15 வயதில், இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர். அவர் பெயரை விட்டுவிட எனக்கு மனசு வராது. அட்டவணையில் ஒரு வரி கொடுங்கள்.